கொள்ளியும் கச்சேரியும்

பென்சன் உள்ள உத்தியோகத்தைத் தானாக விட்டவர்கள் எங்கள் பகுதியில் மூன்று பேர்தான் இருந்தார்கள். ஒருவர் காவி கட்டிக்கொண்டு கதிர்காமம் போனவர், திரும்பி வரவில்லை. இன்னொருவரைப் பொழுதுபட்டால் கள்ளுத் தவறணையில் காணலாம். மூன்றாவது ஆள் பத்மாசினி. அவள் காவியும் கட்டவில்லை, கள்ளும் குடிக்கவில்லை. மேடையில் பாடப்போகிறேன் என்று சொல்லி, தெல்லிப்பழைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் பார்த்த சங்கீத ஆசிரியை வேலையை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். முதல் இருவரையும் ஊர் மன்னித்துவிட்டது. இவளை மன்னிக்க ஊருக்கு மனம் வரவில்லை.

அவள் விசரில் விட்டவளில்லை, யோசித்துத்தான் விட்டாள். எழுபதாம் ஆண்டுக்குப் பிறகு அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு வந்து, இந்தியாவிலிருந்து வித்துவான்களைக் கூப்பிடுவது பெரும்பாடாகிவிட்டது. அதற்கு முன்னர் எங்கள் கோவில் திருவிழாக்களில், ஆளுக்கொரு நாளை ஏற்றுச் செலவு செய்கிற உபயகாரர்களுக்குள் ஒரே போட்டி. ஒருவருடைய திருவிழாவுக்குத் தஞ்சாவூரிலிருந்து ஆள் வந்தால் அடுத்தவருடைய திருவிழாவுக்குச் சென்னையிலிருந்து வந்தாகவேண்டும். கடல் தாண்டி வந்தால்தான் வித்துவான், உள்ளூரில் பாடுகிறவர் எல்லாம் பாட்டு வாத்தி. வரவு நின்றதும் உபயகாரர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். சிதம்பரத்தில் போய்ப் படித்துவிட்டு வந்து, பள்ளிக்கூடத்தில் சரளி வரிசைக்கு மேசையைத் தட்டிக்கொண்டிருந்த பத்மாசினிக்கு அது சந்தியில் ஒரு நல்ல கடை காலியானதுபோலத் தெரிந்தது.

"இப்ப எழும்பாட்டில் எப்பவும் எழும்பேலாது," என்று பரமலிங்கத்திடம் சொன்னாள்.

பரமலிங்கம் அவளுடைய புருஷன். வெங்காயமும் மிளகாயும் போயிலையும் செய்கிற கமக்காரன். வெளிநாட்டு வெங்காயத்தையும் மிளகாயையும் மறித்து அவனைத் தூக்கிவிட்டதும் அதே கட்டுப்பாடுதான். "எனக்குச் சரிவந்தது உனக்கும் சரிவரட்டும்" என்று சொல்லி, செத்தல் மிளகாய் விற்ற காசில் அவளுக்கு ஒலிபெருக்கி வாங்கிக் கொடுத்தான். எங்கள் ஊரில் வேறு எவனும் செய்யமாட்டான். இதை இங்கேயே சொல்லி வைக்கிறேன், ஏனென்றால் பிறகு அவன்மேல் உங்களுக்குக் கோபம் வரும். எனக்கும் வந்தது.

பத்மாசினி தொடங்கியது வெறும் கச்சேரியில்லை. அதற்கு முன்னர் ஓர் உபயகாரர் கச்சேரி வைக்க நினைத்தால் வெற்றிலை பாக்கோடு வீடு வீடாக ஏறி இறங்கவேண்டும். பாடுகிறவருக்கு வயலின்காரரைப் பிடிக்காது. வயலின்காரருக்கு மிருதங்கக்காரரோடு கதை பேச்சில்லை. எல்லாரையும் ஒருமாதிரிச் சேர்த்துக் கொண்டுவந்து இருத்தினால், ஒலிபெருக்கிக்காரன் கடைசி நிமிஷம் வரைக்கும் படப்பாட்டுப் போட்டு பற்றரியை இறக்கி வைத்திருப்பான். பத்மாசினி இந்தத் தொல்லைகளை எல்லாம் ஒரே கையில் எடுத்தாள். பாட்டு, வயலின், மிருதங்கம், தம்புரா, ஒலிபெருக்கி, ஏறி வரச் சோமசெற் கார், எல்லாம் அவள் பொறுப்பு. உபயகாரர் நாளைச் சொன்னால் போதும். வாசல் படலையில் 'பத்மாசினி இசைக்குழு' என்று பலகையும் தொங்கியது.

பலகையைக் கண்டு ஊர் வயிறு குலுங்கச் சிரித்தது. பாட்டு விற்கிற பொம்பிளை என்றார்கள். கலியாண வீடுகளுக்குக் கூப்பிட்டார்கள், இல்லையென்று சொல்லவில்லை. அவள் ராகத்தை எடுத்து, மெல்ல மெல்ல ஏறி, மேலே நிற்கிற நேரம் பார்த்து யாராவது ஒருவர் மேடைக்கு ஓடிவருவார். "பிள்ளை, உதை எப்பன் நிப்பாட்டுங்கோ, மாப்பிள்ளை பகுதி வந்திட்டினம்." நிப்பாட்டவேண்டும். மறுபடி தொடங்குகிற நேரம் பந்தி தொடங்கிவிடும். இப்படி இரண்டு வருஷம் வடை மணத்துக்குள்ளே பாடினாள். வீட்டுக்கு வந்து தலைமயிரை முகர்ந்து பார்த்துப் பல்லை நறுமுவாள்.

பிறகுதான் அந்த நல்ல காலம் வந்தது. எங்கள் அம்மன் கோவில் சப்பறத் திருவிழா இராசநாயகத்தாருடைய உபயம். அவருக்குக் கொழும்பில் சுருட்டுக்கடை, அங்கே சைவச் சனங்களின் மண்டபம் ஒன்றிலும் பெரிய ஆள். தேருக்கு முதல்நாள் பின்னேரம் வெளிவீதியில் நடக்கிற அந்தக் கச்சேரிக்குக் கீரிமலையிலிருந்து மானிப்பாய் வரைக்கும் உள்ள கோவில் முகாமைக்காரர் எல்லாரும் வந்து இருப்பார்கள். அடுத்த வருஷத் திருவிழாக்களுக்கு யாரைப் பிடிப்பது என்று அங்கேதான் தீர்மானம் ஆகும். இராசநாயகத்தார் படலைக்கு வந்து, பலகையை வாசித்து, "பிள்ளை, இந்தமுறை நீர் பாடும். தோடி கட்டாயம் வேணும். வடிவாய்ச் செய்தீரெண்டால் கொழும்புக்கும் கூட்டிக்கொண்டு போறன்," என்றார்.

அந்தக் கிழமை முழுவதும் பத்மாசினிக்கு நிலத்தில் கால் படவில்லை. விறாந்தையில் பாய் விரித்து விடிய ஒத்திகை. பட்டணத்துக் கடற்கரையோரம் உள்ள கொழும்புத்துறையிலிருந்து செபநாயகம் மிருதங்கத்தைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வருவான். கடலுக்குப் போகிற குடும்பம், சிலுவை கும்பிடுகிற வேதக்காரப் பொடியன்; சின்ன வயதிலேயே மிருதங்கத்தில் பைத்தியம் பிடித்தவன். இணுவிலிலிருந்து வயலின்காரர் வருவார். தம்புரா போட்டுக் கூடப் பாடுகிறவள் ஞானாம்பிகை, பத்மாசினி பள்ளிக்கூடத்தில் படிப்பித்த பிள்ளை. இன்னும் 'ரீச்சர்' என்றுதான் கூப்பிடுவாள். சோளகக் காற்றுப் புழுதியை வாரி அடித்தது. தொண்டைக்கு ஆகாதென்று பத்மாசினி கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு, வேர்க்கொம்பு போட்ட தேத்தண்ணியாகக் குடித்தாள்.

"அக்கா, நான் கோவில் வீதிக்கை மேடையிலை இருந்தால் ஆரும் ஏதும் சொல்லமாட்டினமே?" என்று செபநாயகம் கேட்டான்.

"சட்டையைக் கழட்டிப்போட்டு வேட்டி சால்வையோடை இரு. நீ தனி வாசிக்கேக்கை உன்ரை வேதத்தை ஆர் கேக்கப்போகினம்?"

அன்று ஒத்திகை முடிய முன்னரே மேற்கு வேலிக்கு அப்பால் குளறல் கேட்டது. தோட்டத்திலிருந்த பரமலிங்கம் புல்லுப் பிடுங்கிய மண் கையோடு முற்றத்துக்கு ஓடிவந்தான்.

"ஆர்?" என்றாள் பத்மாசினி.

"ஆழ்வாப்பிள்ளை அண்ணை. ஆட்டுக்குக் குழை கட்டப்போன இடத்திலை நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு இருந்தவராம். எழும்பேல்லை."

ஆழ்வாப்பிள்ளை பரமலிங்கத்தின் பெரியப்பாவின் மகன். இரண்டு வளவுக்கும் நடுவில் போகிற வேலியில் கதியால் தடி ஒன்றைத் தள்ளி நட்டதில் தகப்பன்மார் காலத்தில் தொடங்கிய வழக்கு, மல்லாகம் கோடு வரைக்கும் போய், தீர்ப்பு வந்த பிறகும் தீரவில்லை. பேச்சு வார்த்தை இல்லை, நன்மை தின்மைக்குப் போக்குவரத்து இல்லை. இத்தனை வருஷமாகப் பரமலிங்கம் அந்த மனுஷனை 'உந்த வேலிக்கள்ளன்' என்றல்லாமல் வேறொரு பேரும் சொன்னதில்லை. இப்போது 'அண்ணை' என்றான். அந்தச் சொல்லைக் கேட்டதும் பத்மாசினி கழுத்துத் துணியை அவிழ்த்தாள்.

துடக்கு, அதாவது தீட்டு, எங்கள் பகுதியில் விளையாட்டுக் காரியமில்லை. செத்தவருடைய ஆண்வழி உரித்துக்காரர் எல்லாருக்கும், கீரிமலையில் அந்தியேட்டிச் சடங்கு முடியும் வரைக்கும், கோவில் இல்லை, நல்ல காரியம் இல்லை, மேடையும் இல்லை. கலியாணம் கட்டி வந்தவளுக்குப் புருஷன் பகுதித் துடக்குத்தான் துடக்கு. அந்தியேட்டிக்கு ஒரு மாதம். சப்பறம் அந்தக் கிழமை.

வயலின்காரரையும் செபநாயகத்தையும் ஞானாம்பிகையையும் அனுப்பிவிட்டு அவள் புருஷனைக் குசினிக்குள் கூப்பிட்டாள்.

"இஞ்சேருங்கோ, எங்களுக்குத் துடக்கில்லை."

"அதெப்பிடி இல்லாமல் போகும்? பெரியப்பான்ரை மகன்."

"எந்தப் பெரியப்பா? வேலிக்கு இஞ்சாலை கால் வைச்சால் காலை முறிப்பன் எண்டவரோ? நன்மை தின்மைக்கு இல்லாத ஆக்களுக்கு என்ன துடக்கு?"

"ரத்தம் எண்டு ஒண்டு இருக்கெல்லே, பத்மா."

"அந்த ரத்தம் மாமா செத்தநேரம் எங்கை போனது? எட்டுச் செலவு முடியமுன்னம் உவை கலியாணப் பந்தல் போட்டவை. பலகாரம் சுட்ட மணம் இஞ்சை செத்தவீட்டுக்குள்ளை வந்தது. துடக்குக் காத்தவையே? அதைச் சொல்லிச் சொல்லி என்ரை காதைப் புண்ணாக்கினது ஆர்?"

"நான்தான்."

"அப்ப?"

"அவை செய்தது பிழை எண்டுதானே சொன்னனான். அதையே என்னையும் செய்யச் சொல்லுறியே?"

அடுப்பில் மரவள்ளிக்கிழங்கு கொதித்துப் பொங்கி வழிந்தது. அவள் மூடியைத் தூக்கி எறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. நான் பக்கத்து வளவு, அந்தக் குசினிக்கும் எங்கள் கிணற்றடிக்கும் நடுவில் ஒரு கிடுகு வேலிதான்.

"ஓம், செய்யச் சொல்லுறன். ஒருக்கா. ஒரே ஒருக்காப் பிழை விடுங்கோ. நான் உங்களிட்டை நகை கேட்டனானே, சீலை கேட்டனானே? பென்சனை விட்டவள் எண்டு ஊரெல்லாம் காறித் துப்பேக்கை வாயைப் பொத்திக்கொண்டு கலியாண வீடு கலியாண வீடாய்த் திரிஞ்சனான். இந்த ஒரு பின்னேரத்துக்காகத்தான். இது போச்செண்டால் இனி ஆர் என்னைக் கூப்பிடப்போகினம்? நான் என்ன, திரும்பிப்போய் ஹெட்மாஸ்டரின்ரை காலிலை விழுறதே?"

அவன் கைமண்ணைத் தட்டினான். பிறகு, "சரி, நான் போகேல்லை. வேலிக்கு இஞ்சாலை நிக்கிறன். ஊர் என்னத்தையும் சொல்லட்டும்," என்றான்.

அவள் அதோடு விடவில்லை. வழியில் போன செபநாயகத்தைத் திரும்பக் கூப்பிட்டு இராசநாயகத்தாரிடம் ஓட்டினாள். அவன் வியர்க்க விறுவிறுக்க மறுமொழியோடு வந்தான்.

"ஐயா சொல்லுறார், உவை நன்மை தின்மைக்கு இல்லையெண்டது ஊரறிஞ்ச விசயமாம். பரமலிங்கம் அண்ணை செத்தவீட்டை போகாட்டில் துடக்கு இல்லையெண்டு தான் கோவில் குருக்களோடை கதைச்சுக்கொள்ளுறாராம். போனால் தன்னாலை ஒண்டும் செய்யேலாதாம்."

"போகமாட்டார். சொல்லிப்போட்டார்," என்றாள் பத்மாசினி.

அடுத்தநாள் பின்னேரம் பிரேதம் எடுக்கிறதாக இருந்தது. காலையிலிருந்து பறை. பரமலிங்கம் வெங்காயத் தோட்டத்தில் போய்க் குந்தியிருந்து புல்லுப் பிடுங்கினான். பிடுங்கிய பாத்தியையே திரும்பவும் பிடுங்கினான். மத்தியானம் பழஞ்சோறு கொண்டுபோய்க் கொடுத்தாள். கையால் அளைந்துவிட்டுக் கோழிக்குப் போட்டான். வேலிக்கு அப்பால் செத்தவீட்டுச் சடங்குக்குச் சுண்ணம் இடிக்கிற உலக்கைச் சத்தமும், அதற்குப் பாடுகிற பொம்பிளையின் பாட்டும் கேட்டன. பாட்டு ஓரிடத்தில் தொடங்கி வேறோரிடத்தில் போய் விழுந்தது. பத்மாசினி காதைப் பொத்திக்கொண்டாள். சுருதி பிசகினால் அவளால் தாங்க முடியாது, அது செத்தவீட்டுப் பாட்டாக இருந்தாலும்.

பொழுது சாய்கிறது, பிரேதம் இன்னும் எடுபடவில்லை. ஏன் என்று வேலியோரம் நின்ற எல்லாருக்கும் தெரியும். ஆழ்வாப்பிள்ளையின் ஒரே மகன் லண்டனில். தந்தி போயிருக்கிறது, ஆள் வர வழியில்லை. மருமகன்மார் இருவரும் சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு தள்ளி நின்றார்கள்; மருமகன் கொள்ளி வைக்கிற வழக்கம் எங்களிடம் இல்லை, உரித்துக்காரன்தான் வைக்கவேண்டும். மற்ற உரித்துக்காரரில் பாதிப்பேர் மலாயாவில், மீதிப்பேர் மண்ணுக்குள். செத்தவீட்டுக் கிரியைக்கு வந்த குருக்கள் வானத்தைப் பார்த்தார், வெற்றிலையைத் துப்பினார், இன்னும் எவ்வளவு நேரமென்று கேட்டார்.

அப்போதுதான் செத்தவருடைய பெண்சாதி கனகாம்பிகை வேலியடிக்கு வந்தாள். தலைவிரிகோலமாக வந்து கிளுவைக் குழையை இரண்டு கையாலும் விலக்கிப் பிடித்தாள்.

"தம்பி பரமலிங்கம்."

கலியாணம் கட்டி இந்த வளவுக்கு வந்த நாள் தொட்டு அவள் அவனோடு ஒரு சொல் கதைத்ததில்லை.

"அந்த மனுசன் உங்களுக்குச் செய்தது பிழைதான், தம்பி. எனக்குத் தெரியும். பந்தம் பிடிக்கப் பேரப்பிள்ளையள் நிக்குதுகள். கொள்ளி வைக்க ஆளில்லையடா. உன்ரை அண்ணை அநாதைப் பிணமாய்க் கிடக்கிறார்."

பரமலிங்கம் எழும்பி நின்றான். கையில் புல்லுக் கிடந்தது. அதைப் பாத்தியில் போட்டான். பிறகு மால் கொட்டிலுக்குள் போய்க் காட்டுக்கத்தியை எடுத்து வந்து வேலியை வெட்டினான். வழக்குப் போட்டு நட்ட அதே எல்லைக் கதியால்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் கிளுவைப் பால் தெறித்தது. பத்மாசினி குசினி வாசலிலிருந்து ஓடிவந்தாள்.

"இஞ்சேருங்கோ! சொன்னனீங்களெல்லே! எனக்குச் சொன்னனீங்களெல்லே!"

அவன் திரும்பிப் பார்த்தான். "ஆளில்லை, பத்மா," என்றான். கத்தியை நிலத்தில் போட்டுவிட்டு வேலி வெட்டிய இடத்தால் அப்பால் போனான்.

எனக்கு அந்த நேரம் அவனைப் பிடித்து இரண்டு அறை அறையலாம் போலிருந்தது. அவன் போகாமல் நின்றிருந்தாலும் அறையலாம் போலத்தான் இருந்திருக்கும், அது வேறு கதை.

சுடலையிலிருந்து அவன் மீசை வழித்து, தலை வழித்து, ஈர வேட்டியோடு வந்து முற்றத்தில் நின்றான். வேறு யாரோ ஒருவன் மாதிரி இருந்தான். பத்மாசினி குசினியிலிருந்து வந்தாள். வாளியில் தண்ணீர் வைத்தாள், துவாய் வைத்தாள், புட்டும் சம்பலும் வைத்தாள். அன்றிரவு முழுவதும் அவள் வாய் திறக்கவில்லை. சண்டை பிடித்தாவது இருக்கலாம்.

காலமை செபநாயகமும் ஞானாம்பிகையும் வந்தார்கள். செபநாயகம் படலையைத் திறந்து நேரே உள்ளே வந்தான்.

"எனக்கென்ன துடக்கு அக்கா, நான் வேதக்காரன். தேத்தண்ணி தாங்கோ."

ஞானாம்பிகை ஒழுங்கையிலேயே நின்றாள். கோவிலுக்குப் போகிற பிள்ளை, துடக்கு வீட்டுக்குள் ஏறக்கூடாது. கண் வீங்கியிருந்தது.

"ஐயாவிட்டைப் போய்ச் சொல்லிப்போட்டு வாறன். கச்சேரி இல்லையெண்டால் பட்டணத்திலை இருந்து உந்தப் படப்பாட்டுக் கோஷ்டி ஒண்டைப் பிடிக்கிறதெண்டு கதைக்கினம்," என்றான் செபநாயகம். பிறகு தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே, "இல்லாட்டில் ஞானாம்பிகை பாடலாம். எல்லாப் பாட்டும் அவவுக்குப் பாடம்," என்றான்.

"நான் பாடமாட்டன்!" ஒழுங்கையிலிருந்து சத்தம் வந்தது. "ரீச்சர், அது உங்கடை கச்சேரி. நான் என்னண்டு அந்த இடத்திலை இருக்கிறது? என்னாலை ஏலாது."

பத்மாசினி படலையடிக்குப் போனாள். அவள் உள்ளே, பிள்ளை வெளியே, நடுவில் தன் பேர் எழுதிய பலகை. அந்தப் பலகைக்கு ஒரு பத்மாசினி, பாட்டுக்கு ஒரு பத்மாசினி என்று இரண்டு பேர் அவளுக்குள் நின்று இழுபட்டார்கள். கச்சேரியை விட்டால் குழு போய்விடும். இவளைப் பாடவிட்டால் குழு நிற்கும், ஆனால் தான் எங்கே நிற்பாள் என்று அவளுக்குத் தெரியும்.

"நீ பாடு," என்றாள்.

"ரீச்சர்..."

"பாடெண்டு சொல்லுறன். நான் இவ்வளவு காலமும் சேர்த்ததைப் படப்பாட்டுக்காரன் கொண்டுபோறதிலும் பார்க்க நீ கொண்டு போ. மோகனத்திலை அவசரப்படாதை. நடுவிலை செபநாயகம் உன்னை இழுப்பான், இழுபடாதை. தோடியை மட்டும் விடு."

"ஐயா தோடி கேட்டவரெல்லே?"

"அது என்ரை. அதைப் பாடாதை."

ஞானாம்பிகை தலையை ஆட்டிக்கொண்டு போனாள். துடக்கு வீட்டில் வாய்விட்டுப் பாடமுடியாததால், அதற்குப் பிறகும் இரண்டு நாள் பத்மாசினி படலைக்குள் நின்று தொடையில் தாளம் போட்டு, வாயசைத்து, கையை ஏற்றி இறக்கிக் காட்டினாள். ஒழுங்கையால் போனவர்கள் மனுஷிக்கு மூளை தட்டிவிட்டது என்று நினைத்தார்கள்.

சப்பறத்தன்று பின்னேரம் செபநாயகம் ஒலிபெருக்கியைக் காரில் ஏற்ற வந்தான். புனல்களையும் பெட்டியையும் பற்றரியையும் ஏற்றி, கயிறு இறுக்கி, காரும் புறப்பட்டுவிட்டது. பத்மாசினி படலைக்கு வெளியே ஓடிப்போய்க் காரை மறித்தாள்.

"செபநாயகம்."

"என்னக்கா?"

"தோடியைப் பாடச் சொல்லு."

அவன் காரிலிருந்து இறங்கப் பார்த்தான்.

"உபயகாரர் கேட்டது குடுக்காட்டில் அது என்ன வியாபாரம்? போ."

சோளகம் அன்று மூசி அடித்தது. கோவில் எங்களுக்கு வடக்கே; தெற்கேயிருந்து அடித்த காற்றுக் கச்சேரியை எங்கள் பக்கம் கொண்டுவரவில்லை, கீரிமலைக் கடலுக்கு இழுத்துக்கொண்டு போனது. இடைக்கிடை ஒரு துண்டு வந்தது. பத்மாசினி அடுப்படியில் குரக்கன் மா வறுத்துக்கொண்டிருந்தாள். மா கருகிய மணம் வந்தது. அவள் வறுவோட்டை இறக்கவில்லை, காதைக் கொடுத்துக்கொண்டு இருந்தாள். எப்போது தோடி தொடங்கியது, எப்போது முடிந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. கடைசியில் கைதட்டல் மட்டும் வந்தது. அது நெடுநேரம் ஓயவில்லை.

திருவிழா எல்லாம் முடிந்து இராசநாயகத்தார் படலைக்கு வந்தார்.

"உள்ளுக்கு வரேல்லைப் பிள்ளை, கோவிலிலை இன்னும் வைரவர் மடைப் பூசை இருக்கு. அந்தத் தோடி! சனம் கச்சான் கொறிக்கிறதை விட்டிட்டெல்லே கேட்டது. மானிப்பாய்க்காரரும் அளவெட்டிக்காரரும் அங்கினேக்கையே நாள் கேட்டிட்டினம். உம்மட்டை வருவினம்."

"நல்லது ஐயா."

"ஆவணியிலை கொழும்பு மண்டபத்திலை ஒரு கச்சேரி. அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாரும்."

"ஆவணிக்கு எனக்குத் துடக்குக் கழிஞ்சிடும் ஐயா. நான் பாடலாம்."

"ஓம், ஓம், நீரும் தொடக்கத்திலை ஒண்டு ரண்டு பாடுமன். ஆர் வேண்டாமெண்டது? ஆனால் நான் அங்கை கதைச்சு வைச்சிருக்கிறது அந்தப் பிள்ளையைப் பற்றித்தான். சின்னப் பிள்ளை, முகவெட்டும் இருக்கு, குரலும் இருக்கு. சனத்துக்கு அதுதானே தேவை."

பத்மாசினியின் முகம் மாறவில்லை. "சரி ஐயா. ஆனால் நோட்டீசிலை குழுவின்ரை பேர்தான் மேலை வரவேணும். ஒலிபெருக்கியும் எங்கடை. ஞானாம்பிகையை ஆரும் தனியக் கேட்டாலும் என்னட்டைத்தான் அனுப்பவேணும்."

"கெட்டிக்காரி!" என்று சிரித்துவிட்டுப் போனார் அவர். பத்மாசினி நல்ல வியாபாரம் பேசி முடித்திருந்தாள். உள்ளே வந்து விறாந்தைக் கப்பில் சாய்ந்துகொண்டு, வாயில் சீலைத் தலைப்பை அடைத்து அழுதாள்.

பரமலிங்கம் வெங்காயம் பிடி கட்டிக்கொண்டிருந்தவன் எழும்பி வந்தான்.

"கொழும்பு கிடைச்சிட்டுதே, பத்மா. நீ நினைச்ச மாதிரி ஒண்டும் கெட்டுப்போகேல்லையே."

"வாயை மூடுங்கோ."

அவன் மூடினான். அவள் முகத்தைத் துடைத்தாள்.

"இஞ்சை சொல்லுங்கோ. உங்கடை பகுதியிலை இன்னும் எத்தினை கிழடுகள் இருக்கு?"

"ஏன்?"

"வருசா வருசம் திருவிழாக் காலத்திலைதான் உங்கடை ஆக்களுக்குக் காலன் வாறவன். மலாயாவிலை செத்தாலும் துடக்குத்தானே? தந்தி வந்தால் எனக்குக் கச்சேரி போச்சு. பாட்டுக்காரி எண்டால் ஆண்வழி உரித்தே இல்லாத வீட்டிலை எல்லோ கலியாணம் கட்டியிருக்கவேணும். ஒருத்தரும் இதை எனக்குச் சிதம்பரத்திலை சொல்லித்தரேல்லையே."

அவனுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. "நான் செய்தது பிழை எண்டால் சொல்லு," என்றான்.

"பிழையோ? அண்டைக்குக் கொள்ளி வைக்க வேறை ஆள் இருந்ததே?"

"இல்லை."

"அப்ப நீங்கள் செய்தது சரி. அதுதான் எனக்கு ஆத்திரம். நீங்கள் குடிச்சுப்போட்டு வந்து என்ரை தம்புராவை உடைச்சிருந்தால் உங்களைத் திட்டியிருப்பன், அம்மா வீட்டை போயிருப்பன், ஊரும் எனக்காக நாலு சொல்லுச் சொல்லியிருக்கும். சரியான காரியம் செய்த மனுசனோடை நான் என்னத்தைச் சொல்லிச் சண்டை பிடிக்கிறது? கனகாம்பிகை அக்கா வேலி வெட்டின பொட்டுக்காலை வந்து என்ரை கையைப் பிடிச்சுக் கும்பிடுறா. ஊர் உங்களைத் தெய்வம் எண்டுது. நான் பாடாமல் விட்டதை ஒரு நாய்கூடக் கேக்கேல்லை."

பரமலிங்கம் படிக்கட்டில் இருந்தான். மீசை வழித்த இடத்தைக் கையால் தடவிக்கொண்டான்.

துடக்கு இன்னும் கழியவில்லை. வீட்டில் சுருதிச் சத்தம் கேட்டால் வேலிக்கு வேலி காது. அதுவும் இப்போது வேலி ஒன்று திறந்து கிடக்கிறது. பாடாமல் இருந்து இருந்து பத்மாசினிக்குத் தலையிடி. ஒருநாள் காலமை பரமலிங்கம் வெங்காயத்துக்குத் தண்ணி இறைக்கப் போனான். கிணற்றடியில் இறைப்பு மெசினைக் கயிறு சுற்றி இழுத்து முடுக்கியதும் அது காது கிழியக் கத்தத் தொடங்கியது. மண்வெட்டியோடு பாத்திக்குப் பாத்தி தண்ணி மாறிக்கொண்டு போனவன் திரும்பிப் பார்த்தபோது, மெசினுக்குப் பக்கத்தில், தொட்டியைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றாள். வாய் அசைந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. வலது கை ஏறி, ஏறி, ஓரிடத்தில் நின்று நடுங்கியது. மெசின் சத்தத்துக்குள்ளே ஒரு சொல் வெளியில் கேட்கவில்லை. கையைப் பார்த்து அது தோடி என்று கண்டுபிடிக்கிற அளவுக்கு அவனும் இரண்டு வருஷம் ஒத்திகை பார்த்திருந்தான்.

அவன் கடைசிப் பாத்தியும் பாய்ச்சி முடித்தான். அந்த நாளையில் மெசினுக்கு ஊற்றுகிற மண்ணெண்ணெய்க்குச் சங்கக்கடையில் விடியக் காலமே போய் வரிசையில் நிற்கவேண்டும். ஒரு சொட்டுச் சிந்தினாலும் சத்தம் போடுகிறவன் அவன். மெசினை நிற்பாட்டப் போகவில்லை. மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றான். தண்ணீர் பாத்தி நிறைந்து, வரம்பு மேவி, அடுத்த பாத்திக்குள் திரும்பவும் இறங்கியது. வெங்காயத் தாள் எல்லாம் தண்ணிக்குள் நின்றது.

அவள் கண்ணைத் திறந்து பார்த்தாள்.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்? வெங்காயம் அழுகப்போகுது, மெசினை நிப்பாட்டுங்கோ!"

"நீ பாடி முடி."

"உங்களுக்கென்ன விசரே? கிழங்கு எல்லாம் போகப்போகுது!"

"போனால் போகட்டும். நீ முடி."

"உங்கடை நல்ல மனசு எனக்குக் காணும்," என்று கத்தினாள் பத்மாசினி. "அதாலை பாட்டுத்தான் போச்சு. வெங்காயத்தையும் விட்டிட்டு என்னத்தைத் தின்னுறது?"

அவளே குனிந்து மெசினை நிற்பாட்டினாள். திடீரென்று ஊர்ச் சத்தம் எல்லாம் கேட்டது. காகம் கத்தியது, ஆழ்வாப்பிள்ளை வளவில் ஆடு கத்தியது. அவள் வாயைத் திறந்தாள், பிறகு மூடிக்கொண்டாள். சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றுக்குள் இறங்கி, அவன் கையிலிருந்த மண்வெட்டியைப் பறித்து வரம்பை வெட்டித் தண்ணியை வெளியே விட்டாள். அவன் கையாலேயே மண்ணை அள்ளித் தண்ணி வருகிற வாய்க்கால் வாயை அடைத்தான். பாதித் தண்ணீர் வடிந்தது.

அவள் நெற்றிச் சேற்றைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"நாளையிண்டைக்கு மிளகாய்க்கு இறைப்பியள்தானே?"

"ஓம்."

"அப்ப மிச்சத்தைப் பாடுறன்."